ஒன்பதாம் கட்டிலின் காலி டப்பா

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்ததும் அவர்கள் முதலில் என்ன சொல்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? நன்றி சொல்வார்கள் என்றால் நீங்கள் ரொம்ப நல்ல மனிதர். நான் நாற்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன பெட்டியை மேலே மோட்டார் அறையில் நின்று கையாலேயே சக்கரம் சுற்றி, அங்குலம் அங்குலமாக இறக்கி, கதவைத் திறந்துவிட்டால், உள்ளே இருந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஏங்க இவ்வளவு நேரம்?" பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு ஓடி வந்திருப்பேன். எனக்குச் சுர்ரென்று ஏறும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் பொரிந்து தள்ளுவேன். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. இருந்திருந்தால் போன வருடம் நான் செய்த காரியத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

எழுபத்து மூன்றாவது வயதில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, என்னைக் கரை சேர்த்த ஒரு பெண்ணிடம் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். அவரைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவரை அங்கே எல்லோரும் டப்பாக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐந்தாவது மாடியில் இருக்கிறது இதய அறுவை சிகிச்சை வார்டு. அதன் நடைவழி முடிகிற இடத்தில், துடைப்பம் வைக்கிற அறைக்குப் பக்கத்தில், ஒரு பச்சை இரும்பு அலமாரி. அலமாரி முழுக்க மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் கட்டில் எண் நகப்பூச்சால் எழுதியிருக்கும். அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் கழற்றித் தரும் மூக்குக்கண்ணாடி, பல்செட், காதுக் கருவி, கைக்கடிகாரம் எல்லாம் அந்தந்த டப்பாவுக்குள் போகும். அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. பார்க்க அற்ப வேலையாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இருபத்து நாலு வயதில் அவர் அந்த ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் சேர்ந்தாராம். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் போர்வைகளுக்குள் என்னென்னவோ வரும். கண்ணாடி வரும், சீப்பு வரும், தாளில் சுற்றிய பல்செட் வரும். ஒரு நாள் கீழ்வரிசைப் பல்செட் ஒன்று சலவை இயந்திரத்தின் தண்ணீர்க் குழாயில் போய் அடைத்து, தரையெல்லாம் வெள்ளம். மேற்பார்வையாளர் இவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தப் பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு மாடி மாடியாக ஏறி, கட்டில் கட்டிலாக நின்று, "இது யாரோட பல்லுங்க?" என்று கேட்டிருக்கிறார். ஐந்தாவது மாடியில், மூன்று நாளாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்த ஒரு பெரியவருடையது அது. பல் வாய்க்குள் போனதும் அவர் கேட்டது ஒரு தட்டுச் சாப்பாடு. மறுவாரமே இவர் வார்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அலமாரி பழைய சாமான் அறையில் கிடந்தது. நகப்பூச்சு சொந்தச் சரக்கு.

இன்றைக்கு அவருக்கு ஐம்பத்தெட்டு. கணவர் பஸ் ஓட்டுகிறவர், இரண்டு மகள்களுக்கும் கல்யாணமாகிவிட்டது. வீட்டில் பழைய தலையணை உறைகளை வெட்டிக் கண்ணாடிகளுக்குப் பை தைப்பார். ஒரு விநோதமான பழக்கம் உண்டு: எதையும் செய்வதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வார். அலமாரியைத் திறக்கும்போதுகூட "இப்ப திறக்கறேன்" என்பார். அலமாரி பயந்துவிடும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

நான் அவரை முதலில் பார்த்தது என் அறுவை சிகிச்சை நாளன்று காலையில். ஒன்பது என்று எழுதிய டப்பாவோடு வந்து நின்றார். "ஐயா, கண்ணாடி, காது மிஷின் எல்லாம் இதுல போடுங்க. நீங்க கண் முழிச்சதும் நானே கொண்டாந்து தர்றேன்."

என்னிடமா? இரண்டு வருடம் முன்பு ரயிலில் தூங்கி எழுந்தபோது ஒரு காதுக் கருவியைத் தொலைத்தவன் நான். அதிலிருந்து என் சாமான்களை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம். "உன் டப்பாவைத் தூக்கிட்டுப் போம்மா" என்று சொல்லிவிட்டேன். இதைவிடக் கடுமையாகவும் ஒன்றிரண்டு சொன்னதாக மருமகள் சொல்கிறாள். அவள் பொய் சொல்ல மாட்டாள்.

என் ஏற்பாடே வேறு. வீட்டில் என் இரும்பு பீரோவுக்கு ஒரு பூட்டு தொங்கும். அழுத்தினால் சாவியில்லாமலே பூட்டிக்கொள்ளும், திறக்கத்தான் சாவி வேண்டும். அதைத் திறந்தே விட்டுவிட்டு, சாவியை நானே ஓரிடத்தில் ஒளித்து வைத்திருந்தேன். மகனைக் கூப்பிட்டு, கண்ணாடியையும் காதுக் கருவிகளையும் அவன் கையில் கொடுத்தேன். "நேரா வீட்டுக்குப் போ. பீரோவுல வெச்சு அழுத்திப் பூட்டு. சாவி எங்க இருக்குன்னு வந்ததும் நான் சொல்றேன்." அவன் தலையை ஆட்டினான். என் வீட்டில் நான் சொன்னால் சொன்னதுதான். எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு அது.

அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. இரண்டாம் நாள், மூச்சுக்காகத் தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்தார்கள். மூன்றாம் நாள் நான் லிஃப்டுக்குள் இருந்தேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சதுரமான அறை. ஜன்னல் கிடையாது. தலைக்கு மேல் அணையாத ஒரு விளக்கு. முதுகுக்கடியில் ஒரு மோட்டார் உறுமுவதும், நான் ஒரு சாண் மேலே போவதும் ஒரு சாண் கீழே வருவதும் நன்றாகத் தெரிந்தது. அது படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்டிருந்த காற்று மெத்தை என்று இப்போது தெரியும். மோட்டார் அறைகளின் இரைச்சலில் என் காது போய் வெகுகாலமாகிறது. கருவி இல்லாவிட்டால் இடி இடித்தாலும் எனக்கு முணுமுணுப்புதான். கண்ணாடி இல்லாவிட்டால் மனித முகம் பிசைந்த மாவு. ஆக, நின்றுபோன லிஃப்டுக்குள் முகமில்லாத ஆட்கள் வந்து வந்து போனார்கள். நின்றுபோன லிஃப்டுக்குள் புதிதாக ஆள் ஏற முடியுமா? முடியாது. ஆகவே இவர்கள் ஆட்களே இல்லை என்று முடிவு கட்டினேன். என் கணக்கில் அப்போதும் பிசகில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

மார்பில் ஒட்டியிருந்த வயர்களை அறுந்து தொங்கும் கேபிள் என்று பிடித்து இழுத்தேன். கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தையும் பிடுங்கினேன். மாத்திரையைத் துப்பினேன். கைகளில் பஞ்சு உறை மாட்டிக் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். மருமகள் கிட்டே வந்தபோது, "ஓவர்லோடு, நீ இறங்கு" என்றேனாம். "நான் கொஞ்சம் பூசினாப்புலதான் இருக்கேன், அதுக்காக வார்டே கேக்கற மாதிரி சொல்லணுமா மாமா?" என்று இன்றைக்கும் கேட்கிறாள்.

இதய அறுவை சிகிச்சை முடிந்த வயதானவர்களுக்கு இப்படி ஒரு மனக்குழப்பம் வருவது உண்டு, பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நான்காம் நாளும் தெளியவில்லை. ஐந்தாம் நாள் இன்னும் மோசம். அதற்கு என் மகனும் ஒரு காரணம், பாவம். என் பழைய மருந்துக் கோப்பை டாக்டர் கேட்டிருக்கிறார். அதுவும் அதே பீரோவில்தான் இருந்தது. அவன் என் காதருகே குனிந்து, தொண்டை கிழிய, "அப்பா, சாவி எங்க?" என்று கத்தினான். எனக்குக் கேட்ட ஒரே சொல் சாவி. முகம் தெரியாத ஒருவன் சாவி கேட்கிறான் என்றால் அவன் யார்? திருடன். பல்லைக் கடித்துக்கொண்டேன். தண்ணீர் கொடுத்தாலும் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் சாவி விழுந்துவிடும் என்பதுபோல.

ஆறாம் நாள் ஓர் இளம் டாக்டர் மகனைத் தனியே அழைத்துப் பேசினார். இதயம் தேறிவிட்டது, ஆனால் புத்தி இப்படியே நின்றுவிடவும் கூடும், வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது, மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது, வியாழக்கிழமை அனுப்பலாம் என்றார். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். சம்மதம் கேட்டு ஒரு படிவம் வந்தது. அங்கே போயிருந்தால் கண்ணும் காதும் இல்லாமல், முகமில்லாத ஆட்களுக்கு நடுவில், மிச்ச காலம் முழுக்க அந்த லிஃப்டுக்குள்ளேயே இருந்திருப்பேன்.

புதன்கிழமை காலையில் டப்பாக்கா வந்தார்.

தினமும் டப்பாக்களைத் திறந்து பார்த்து மூடுவது அவர் வழக்கம். ஒன்பதாம் டப்பா காலியாகவே இருந்தது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்ததாம். நான் எரிந்து விழுந்ததால் அதற்குமுன் கிட்டே வரத் தயங்கியிருக்கிறார். அன்றைக்கு வந்து என் கட்டிலருகே நின்று, என் மூக்கையே பார்த்திருக்கிறார்.

"தம்பி, உங்கப்பா கண்ணாடி போடுவாரா?"

"போடுவார்க்கா. ஏன்?"

"மூக்குல ரெண்டு பக்கமும் பள்ளம் இருக்கு பாருங்க. ஆறு நாளாகியும் மறையலைன்னா பவர் ஜாஸ்தியாதான் இருக்கும். காதும் கேக்காது இல்ல?"

"சுத்தமா கேக்காது. எல்லாம் வீட்டு பீரோவுல பத்திரமா இருக்கு. அப்பாதான் பூட்டச் சொன்னார்."

டப்பாக்கா என் பக்கம் கையைக் காட்டினார். "அதெல்லாம் பத்திரமா இருக்கு. இவரைத்தான் தொலைச்சுட்டு நிக்கிறோம்" என்றார்.

மகன் பூட்டை உடைக்கக் கிளம்பினான். வீடு போய்வர நாலு மணி நேரம். டப்பாக்கா அதுவரை காத்திருக்கவில்லை. அலமாரியின் அடித்தட்டில் எண் எழுதாத பெரிய டப்பா ஒன்று உண்டு. யாரும் வந்து வாங்கிக்கொள்ளாத கண்ணாடிகள் அதில் கிடக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வந்து, மகனையும் நிறுத்தி, "நீங்க இங்க இருக்கணும். கண்ணு தெரிஞ்சா முதல்ல தேடுற முகம் உங்களோடதுதான்" என்றார். தலைமை நர்சிடம் பழைய ஸ்டெதஸ்கோப் ஒன்றைக் கேட்டு வாங்கினார்.

நான் லிஃப்டுக்குள் இருந்தேன். மூக்கின் மேல் ஏதோ ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது. நாலாவது முறை ஏறியபோது, மாவாக இருந்த இடத்தில் ஒரு மூக்கு வந்தது. அப்புறம் ஒரு மீசை. என் மகனுடைய மீசை, அரைகுறையாகக் கத்தரித்தது. சவரம் செய்யாத முகத்தில் அவன் கண்கள் சிவந்திருந்தன. அதே சமயம் இரண்டு காதிலும் ஏதோ குளிர்ச்சியாக நுழைந்தது. ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டிவிட்டு, நெஞ்சில் வைக்கிற வட்டத்தைத் தன் வாயருகே பிடித்துக்கொண்டு டப்பாக்கா பேசினார். சத்தம் போடவில்லை, சாதாரணமாகப் பேசினார்.

"ஐயா, நான் இந்த வார்டுல சாமான் பார்த்துக்கிறவ. இது ஆஸ்பத்திரி, அஞ்சாவது மாடி. உங்களுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு ஆறு நாள் ஆச்சு. இன்னிக்குப் புதன்கிழமை, காலைல மணி பத்தேகால். இடது பக்கம் நிக்கிறது உங்க பையன். இப்ப உங்க வலது கைக் கட்டை அவுக்கப் போறேன். அவுத்ததும் கையைப் பிடிச்சுக்குவேன். நான் எங்கயும் போகலை."

எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித் தரும் பாடம் இது. மாட்டிக்கொண்டவரிடம் கதவுக்கு வெளியே நின்று பேச வேண்டும். நீ யார் என்று சொல், எந்த மாடி என்று சொல், என்ன ஆயிற்று என்று சொல், அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று செய்வதற்கு முன்னாலேயே சொல், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல். சொல்லாமல் பிரேக்கைத் தளர்த்தினால் உள்ளே இருப்பவர் அலறிவிடுவார். ஆறு நாளாக என்னைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சொல்லாமலே பிரேக்கைத் தளர்த்திக்கொண்டிருந்தார்கள். இல்லை, சொல்லித்தான் இருப்பார்கள், எனக்குத்தான் கேட்கவில்லை. இப்போது யாரோ மெக்கானிக் வந்துவிட்டார் என்று புரிந்தது.

"ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றேன்.

மகனுக்குப் பின்னால் நின்ற மருமகள் முதலில் சிரித்தாள், பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டப்பாக்கா அந்த வட்டத்தை மகன் கையில் கொடுத்தார். அவன் சாவியைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்பா, நான்தாம்பா" என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

"சாவி பழைய லிஃப்ட் பட்டன் போட்டு வெச்சிருக்கற தகர டப்பாவுல இருக்கு. போய் என் காதை எடுத்துட்டு வா" என்றேன்.

கண்ணாடி ஏறிய நிமிடமே நான் தெளிந்துவிட்டேன் என்று கதை அளக்க மாட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் மறுபடியும் லிஃப்ட் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டது. ஆனால் இந்த முறை முகங்கள் தெரிந்தன, பேச்சு கேட்டது, மாத்திரையை விழுங்கினேன். சனிக்கிழமைக்குள் முழுசாக இறங்கிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, முதல் நாள் நான் போட்டிருந்தது யாரோ ஒரு பெண்மணியின் ரோஜா நிறக் கண்ணாடி, ஓரம் பூனைக் கண் மாதிரி மேலே தூக்கியது. மருமகள் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியும்விட்டாள்.

வீட்டுக்கு வந்தபின் ஆஸ்பத்திரித் தாள்களைப் புரட்டியபோது அந்த இல்லத்துப் படிவம் அகப்பட்டது. கீழே மகனுடைய கையெழுத்து. நாலு நாள் அவனோடு பேசவில்லை. ஐந்தாவது நாள் நானே கேட்டேன்.

"எப்ப கையெழுத்துப் போட்ட?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம். போட்டுட்டுப் படிக்கட்டுல உக்காந்துட்டேன்பா. ரொம்ப நேரம்."

"ஏன், லிஃப்ட் ஓடலையா?"

"லிஃப்டைப் பார்க்கவே பிடிக்கலை" என்றான்.

அதற்கு மேல் எனக்குக் கோபம் நிற்கவில்லை. என்னைக் கவனிக்கத்தான் அவன் எழுதிக் கொடுத்தான், கைகழுவ இல்லை. சாவியை ஒளித்தது யார்? நான். அந்தப் படிவத்தைக் கிழித்துப்போட்டோம். பீரோவின் பூட்டையும் கழற்றி எறிந்தேன்.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது ஐந்தாவது மாடிக்கு ஏறினேன். என் பழைய கண்ணாடி ஒன்றையும், ரயிலில் ஜோடியைத் தொலைத்துவிட்டு ஒற்றையாகக் கிடந்த காதுக் கருவியையும் கொண்டுபோயிருந்தேன். "உங்க பெரிய டப்பாவுக்கு" என்று நீட்டினேன். டப்பாக்கா "இப்ப திறக்கறேன்" என்று அலமாரியிடம் சொல்லிவிட்டுத் திறந்தார்.

கொண்டுபோன நன்றியையும் அப்போதே இறக்கிவைத்தேன். "அன்னிக்கு நன்றி சொல்லாம, ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டுட்டேம்மா. நாப்பத்தொரு வருஷம் என்னை அப்படிக் கேட்டவங்க மேல எவ்வளவு எரிச்சல் பட்டிருக்கேன் தெரியுமா?" லிஃப்ட் கதையை, கதவுக்கு வெளியே நின்று பேசும் முறையை எல்லாம் சொன்னேன்.

அவர் என் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார். "யாராச்சும் வருவாங்கன்னு நம்பி இருந்தவங்கதானே ஐயா அப்படிக் கேப்பாங்க. நம்பிக்கை போனவங்க ஒண்ணுமே கேக்க மாட்டாங்க" என்றார். நாற்பத்தொரு வருடக் கோபம் இப்படி ஒரு வார்த்தையில் வீணாகப் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் கிளம்பும்போது, "உங்களுக்கு நேரம் இருக்கா? நாலாம் கட்டில்ல ஒருத்தர் இருக்கார்" என்றார்.

என் வயதுதான் இருக்கும். கைகளில் பஞ்சு உறை. நாலு நாளாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். அவருடைய கண்ணாடி வரும் வழியில் உடைந்துவிட்டதாம், புதியது வர நாளாகுமாம். காதும் சரியாகக் கேட்காதாம். மனைவி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டப்பாக்கா ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டிப் பார்த்தார். என்னுடையது சரிப்படவில்லை. அந்த ரோஜா நிறக் கண்ணாடிதான் பொருந்தியது, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. டப்பாக்கா ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் மாட்டிவிட்டு, வட்டத்தை என்னிடம் நீட்டினார்.

"நீங்க பேசுங்க. இது உங்க தொழிலாச்சே."

வட்டத்தை வாயருகே பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, நான் லிஃப்ட் மெக்கானிக். இது ஆஸ்பத்திரி, அஞ்சாவது மாடி. உங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, எதுவும் கெட்டுப்போகலை. இன்னிக்கு வியாழக்கிழமை, மணி பதினொண்ணு பத்து. வலது பக்கம் உங்க வீட்டம்மா நிக்கிறாங்க. இப்ப உங்க கையைப் பிடிக்கப் போறேன். நான் இங்கயேதான் இருப்பேன்."

கையைப் பிடித்தேன். அவர் மனைவியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ரோஜா நிறக் கண்ணாடி வழியாக என் பக்கம் திரும்பினார். உதடு இரண்டு தடவை அசைந்து, மூன்றாவது தடவைதான் குரல் வந்தது.

"ஏய்யா இவ்வளவு நேரம்?"

"தாமதமாயிடுச்சுங்க, மன்னிச்சுக்குங்க" என்றேன்.